கல் விழுந்தது யாரால்?

கல்லடைப்பு என்னும் வியாதி எப்படிப்பட்டது என்பதை அதில் ஒரு இராத்திரி அகப்பட்டுக் கொண்டவருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. விலாவுக்குக் கீழே பிடித்து, இடுப்பைச் சுற்றிக்கொண்டு, தொடையிடுக்கு வரையில் இறங்குகின்ற அந்த வலியில் எப்பேர்ப்பட்ட பலசாலியும் தரையில் புரளுகிறான். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. அந்த வேளையில் யார் வந்து எதைச் சொன்னாலும் கேட்பான். எதைக் கேட்டாலும் கொடுப்பான். மனிதனுடைய அறிவு மிகவும் மலிவாக விலைபோகிற சமயம் அதுவேயாகும். ஆதலால்தான் வைத்தியர் வேலை செய்யாத நாமும் இதைப்பற்றிச் சில வார்த்தைகள் எழுத முன்வருகின்றோம்.

வலியில் கிடப்பவனிடம் நான்கு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். ஒருவர் வாழைத்தண்டுச் சாறு குடி என்கிறார். மற்றொருவர் பீர் குடித்தால் கல்லை அடித்துத் தள்ளிவிடும் என்கிறார். மூன்றாமவர் சுவாமிக்கு வேண்டிக்கொண்டு ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து வை என்கிறார். நான்காமவர் பட்டணத்து டாக்டர் எழுதிக் கொடுத்ததாக ஒரு மாத்திரைச் சீட்டை நீட்டுகிறார். நோயாளி நான்கையும் செய்கிறான். பத்து நாள் கழித்துக் கல் விழுந்துவிடுகிறது. உடனே நான்கு பேரும் தங்கள் தங்கள் கட்சி ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள். நோயாளியும் நான்கு பேருக்கும் சாட்சி சொல்லுகிறான். ஆனால் கல் விழுந்தது யாரால் என்று கேட்பவர் மாத்திரம் ஒருவரும் இல்லை. அதைக் கேட்கவே இந்த வியாசம் எழுதப்படுகிறது.

முதலாவது, கல் எங்கே நிற்கிறது, எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீரகத்திலிருந்து மூத்திரப் பைக்கு ஒரு குழாய் இறங்குகிறது. அதன் நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். உள் அகலமோ மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அந்தக் குழாயும் சும்மா இருக்கிற தகரக் குழாயல்ல. மண்புழு ஊர்வதுபோல் மேலிருந்து கீழாகச் சுருங்கிச் சுருங்கி மூத்திரத்தைத் தள்ளிக்கொண்டேயிருக்கிற சதைக் குழாய். அது சிறுநீரகத்தை விட்டுப் புறப்படுகிற இடம், இடுப்பில் பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்கிற இடம், மூத்திரப் பைக்குள் நுழைகிற இடம் ஆகிய மூன்று இடங்களில் குறுகலாயிருக்கிறது. கல் அங்கே சிக்கிக்கொண்டால், பின்னால் மூத்திரம் தேங்கிச் சிறுநீரகம் விம்முகிறது. விலா வலியின் காரணம் அதுதானே ஒழிய, முன்வினையுமல்ல, கிரக தோஷமுமல்ல.

அப்படிச் சிக்கிய கல், மருந்தொன்றும் இல்லாமலே பெரும்பாலும் தானாக விழுந்துவிடுகிறது. இதுதான் இவ்விஷயத்தில் முக்கியமானதும், எல்லோரும் மறைக்கிறதும், அல்லது மறந்துவிடுகிறதுமான சங்கதி. 2002-ம் வருஷத்தில் வெளியான ஒரு கணக்கின்படி, 2 முதல் 4 மில்லிமீட்டர் உள்ள கற்களில் 100-க்கு 76 தானாகவே விழுந்தன. 5 முதல் 7 மில்லிமீட்டர் உள்ளவைகளில் 60 விழுந்தன. 9 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவைகளில்கூட 25 விழுந்தன. காலமும் அளவைப் பொறுத்ததே. 1999-ல் வெளியான மற்றொரு கணக்கில், 2 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் சராசரி 8 நாளிலும், 4 மில்லிமீட்டரும் அதற்கு மேற்பட்டதும் சராசரி 22 நாளிலும் விழுந்ததாகக் காண்கிறது. 5 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு பச்சைப் பயறு அளவு என்று வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்பொழுது யோசித்துப் பாருங்கள். 100 பேருக்குச் சிறு கல் இருக்கிறது. யாதொன்றும் செய்யாமலே 75 பேருக்கு விழுந்துவிடும். இந்த 100 பேரையும் ஒரு கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனால், அந்தக் கோயிலுக்கு 75 சாட்சிகள் கிடைக்கிறார்கள். ஒரு வைத்தியரிடம் அழைத்துக்கொண்டு போனால் அந்த வைத்தியருக்கு 75 சாட்சிகள். ஒரு புளிய மரத்தைச் சுற்றச் சொன்னால் புளிய மரத்துக்கும் 75 சாட்சிகள். மீதி 25 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டால், பக்தி போதவில்லை, பத்தியம் கெட்டுப்போயிற்று என்பார்கள். விழுந்தால் மருந்தின் பெருமை, விழாவிட்டால் நோயாளியின் குற்றம் என்பது எந்த ஊர் நியாயம்? வியாபாரத்தில் இப்படிக் கணக்கு எழுதுகிறவனை எந்த முதலாளியாவது ஒரு நாள் வைத்திருப்பானா?

இந்தக் கணக்கு நம் நாட்டுப் பாமர மக்களிடம் மாத்திரம் இருப்பதாக ஒருவரும் நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1739-ம் வருஷத்தில், ஜோயன்னா ஸ்டீபன்ஸ் என்னும் ஒரு அம்மாள் மூத்திரக் கல்லைக் கரைக்க ரகசிய மருந்து வைத்திருந்தாள். அந்த ரகசியத்தை வெளியிடுவதற்காக அந்நாட்டுப் பார்லிமெண்டே சட்டம் செய்து 5000 பவுன் கொடுத்தது. ரகசியம் வெளியாயிற்று. அது என்னவென்றால், முட்டை ஓட்டையும் நத்தையையும் சுட்டெடுத்த தூளும், மூலிகைகளைச் சோப்போடு சேர்த்துக் கொதிக்க வைத்த கஷாயமும், அதே வகையான மாத்திரையுமேயாகும்! பெரிய மனிதர்களும் படித்தவர்களும் அதற்குச் சாட்சி சொன்னார்கள். குணமானவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆனால் அம்மருந்தைச் சாப்பிடாதவர்களில் எத்தனை பேருக்குக் குணமாயிற்று என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் இல்லை. பணம் போனது, மருந்தும் இன்று வைத்தியத்தில் இல்லாமல் போய்விட்டது. சாட்சிகளின் எண்ணிக்கையும் அந்தஸ்தும் உண்மைக்கு ருசுவாகாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

நிற்க, கோயிலையும் நத்தைத் தூளையும் பற்றிப் பேசிவிட்டு, ஆஸ்பத்திரி மாத்திரையைப் பற்றிப் பேசாமல் விடுவது யோக்கியமாகாது. பகுத்தறிவு என்பது பிறருடைய நம்பிக்கையை மாத்திரம் அறுக்கிற கத்தியல்ல. வெள்ளைச் சட்டை போட்டவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ளுவதும், காவித்துணி கட்டியவர் சொன்னார் என்பதற்காக ஒப்புக்கொள்ளுவதும் அறிவின் கணக்கில் ஒன்றுதான். ஆகவே மாத்திரையையும் அதே தராசில் வைப்போம்.

இந்தக் காரியத்துக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது டாம்சுலோசின் என்னும் மருந்து, நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம். இது கல்லுக்காக உண்டானதல்ல. வயதான ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரம் தடைப்படுவதற்காக உண்டானது. அது அங்குள்ள சதையைத் தளர்த்துகிறது. கல் சிக்கும் குழாயின் கீழ்ப்பாகத்திலும் அதே விதமான சதை இருப்பதால், அதையும் தளர்த்தினால் கல் இறங்கிவிடுமே என்று வைத்தியர்கள் யோசித்தார்கள். யோசனை சரியானதே. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நிபெடிபின் என்னும் மருந்தையும் இதே எண்ணத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். இவ்விரண்டும் கல்லைக் கரைப்பவையல்ல. வழியை விடச் செய்பவை மாத்திரமே. கல் கரைவது என்பது யூரிக் அமிலக் கல் என்னும் ஒரு வகையில்தான், மூத்திரத்தின் புளிப்பைக் குறைக்கும் மருந்தால் நடக்கக்கூடியது. அதிகமாகக் காணப்படும் சுண்ணாம்புச் சத்துக் கல்லோ அப்படிக் கரைவதில்லை. ஆகவே எல்லாக் கல்லையும் கரைத்துவிடுகிறேன் என்று எவர் சொன்னாலும் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

2006-ல் இந்த மருந்துகளைப் பற்றிய 9 பரீட்சைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 693 நோயாளிகள். மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கல் விழும் வாய்ப்பு 100-க்கு 65 பங்கு அதிகம் என்று முடிவாயிற்று. உடனே உலகத்தின் பல பாகங்களிலும் டாக்டர்கள் இதை வழக்கமாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பரீட்சைகள் சிறியவை. பலவற்றில் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பது டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரிந்தேயிருந்தது. தெரிந்திருந்தால் என்ன கெடுதி என்று கேட்பீர்களானால், மருந்து சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவன் பொறுத்துக்கொண்டு காத்திருப்பான்; இல்லையென்று தெரிந்தவன் நாலாம் நாளே ஆபரேஷனுக்குப் படுத்துவிடுவான். கணக்கு அங்கேயே சாய்ந்து போகிறது.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க பிரிட்டனில் 24 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு பெரிய பரீட்சை நடத்தி, 2015-ல் முடிவை வெளியிட்டன. 10 மில்லிமீட்டருக்கு மேற்படாத கல் உள்ள 1167 பேரைச் சீட்டுப் போட்டதுபோல் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு டாம்சுலோசின், மற்றொன்றுக்கு நிபெடிபின், மூன்றாவதற்கு மருந்துச் சத்து ஒன்றுமில்லாத வெறும் மாத்திரை. எவருக்கு எது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. நான்கு வாரம் கழித்து, வேறு சிகிச்சை தேவைப்படாமலே தேறியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். டாம்சுலோசின் சாப்பிட்டவர்களில் 100-க்கு 81 பேர். நிபெடிபின் சாப்பிட்டவர்களில் 80 பேர். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 80 பேர்!

தோழர்களே, இந்த 80 என்னும் எண்ணை நன்றாகக் கவனியுங்கள். வெறும் மாத்திரையைச் சாப்பிட்ட அந்த 80 பேரும், உண்மை வெளிப்படாமல் இருந்திருந்தால், "எனக்கு அந்த மாத்திரைதான் கல்லைத் தள்ளியது" என்று சத்தியம் செய்திருப்பார்கள். அவர்கள் பொய்யர்களல்ல, ஆனால் அவர்கள் சொல்வது உண்மையுமல்ல. பிரத்தியட்ச அனுபவம், பிரத்தியட்ச அனுபவம் என்று நம்மவர்கள் பேசுவதெல்லாம் இந்த யோக்கியதையில்தான் இருக்கிறது.

2018-ல் அமெரிக்காவில் 512 பேரை வைத்து நடத்திய பரீட்சையிலும், 28 நாளில் கல் விழுந்தது மருந்துக் கூட்டத்தில் 100-க்கு 50 பேருக்கும், வெறும் மாத்திரைக் கூட்டத்தில் 47 பேருக்குமே. வித்தியாசம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

அப்படியானால் மாத்திரை முழு மோசடியா? அவ்விதமும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் பரீட்சையில் பெரும்பாலோருடைய கல் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. அமெரிக்கப் பரீட்சையில் சராசரி அளவு 3.8 மில்லிமீட்டர். இப்படிப்பட்ட சிறு கல் தானாகவே இறங்குகிற பேர்வழி. தானாக நடக்கிறவனுக்கு ஊன்றுகோல் கொடுத்தால் நடை எங்கே மிகுந்துவிடும்? பெரிய கல்லைத் தனியாகப் பார்த்தபோது சங்கதி மாறிற்று. ஆஸ்திரேலியாவில் 403 பேரை வைத்து 2016-ல் வெளியான பரீட்சையில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை உள்ளவர்களை மாத்திரம் பார்த்தபோது, மருந்துக்கு 100-க்கு 83, வெறும் மாத்திரைக்கு 61 என்று கண்டது. சீனாவில் 30 ஆஸ்பத்திரிகளில் 3296 பேரை வைத்து நடத்தி 2018-ல் வெளியான பரீட்சை, குழாயின் கீழ்ப்பாகத்திலுள்ள 4 முதல் 7 மில்லிமீட்டர் கற்களைப் பற்றியது. அதில் மொத்தத்தில் 86-க்கு 79. 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்லில் 87-க்கு 75. அதே 2018-ல் 67 பரீட்சைகளையும் 10,509 நோயாளிகளையும் ஒன்று சேர்த்துப் பார்த்த மற்றொரு கணக்கும், பெரிய கல்லுக்கே பலன் என்ற பக்கத்தில்தான் சாய்ந்தது.

இதன் பொருளை நமது பாஷையில் சொல்லுவோம். 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல், குழாயின் கீழ்ப்பாகத்தில் நிற்கிற 100 பேர் மாத்திரை சாப்பிட்டால், 87 பேருக்கு விழுகிறது. ஆனால் அதில் 75 பேருக்குச் சும்மாவே விழுந்திருக்கும். மருந்துக்குச் சேர வேண்டிய புகழ் 12 பேருடையது மாத்திரம். 13 பேருக்கு மருந்து கொடுத்தும் விழாது. அந்த 12 பேர் இன்னார் என்று ஒருவராலும் சுட்டிக் காட்டவும் முடியாது. 12 பேர் என்பது அற்பமல்ல. 12 பேர் ஆபரேஷனுக்குத் தப்புகிறார்கள் என்றால் அது நல்ல காரியமே. ஆனால் 12-ஐ 87 என்று சொல்லி விற்பது மாத்திரம் கூடாது என்கிறோம்.

இங்கு சிலர், "மாத்திரை விலை கொஞ்சம்தானே? தீங்கில்லையே? எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போனால் என்ன நஷ்டம்?" என்று கேட்கிறார்கள். ஒரு தேங்காய் உடைத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களும் இதே வார்த்தையைத்தான் சொல்லுகிறார்கள்! நஷ்டம் உண்டு. டாம்சுலோசின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வயதானவர் விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளலாம். சில ஆண்களுக்குச் சேர்க்கையின்போது விந்து வெளிப்படுவது மாறுபடும். இதை முன்னாடியே சொல்லாவிட்டால் ஆண்மையே போய்விட்டதாகப் பயந்து போலி வைத்தியரிடம் ஓடுவார்கள். கண்ணில் புரை எடுக்க இருப்பவர் இம்மருந்து சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் சொல்லாவிட்டால் ஆபரேஷனில் சிக்கல் உண்டாகலாம். எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம், "மருந்துதான் சாப்பிடுகிறோமே" என்னும் தைரியத்தில் ஆபத்தான அறிகுறியையும் பொருட்படுத்தாமல் வீட்டிலேயே கிடந்துவிடுவதாகும்.

இன்னும் சிலர், "உங்கள் சயன்ஸ் 2006-ல் ஒன்று சொல்லி, 2015-ல் ஒன்று சொல்லி, 2018-ல் வேறொன்று சொல்லுகிறது. எங்கள் சாஸ்திரமோ ஆயிரம் வருஷமாய் மாறாமல் இருக்கிறது" என்று பெருமை பேசுகிறார்கள். மாறாமல் இருப்பது ஒரு பெருமையா? பழுதான கடிகாரங்கூட ஒரே மணியைத்தான் எப்பொழுதும் காட்டிக்கொண்டிருக்கிறது. வைத்தியர்கள் தாங்களே நம்பி எழுதி வந்த மருந்தைத் தாங்களே பரீட்சை செய்து, எதிராக வந்த முடிவைத் தங்கள் பத்திரிகையிலேயே அச்சிட்டு வெளியிட்டார்கள். எந்த மடாதிபதியாவது, எந்தத் தாயத்து வியாபாரியாவது, தன் சரக்குக்கும் வெறும் நூலுக்கும் வித்தியாசம் உண்டா என்று ஆயிரம் பேரை வைத்துப் பார்த்து அச்சிட்டதுண்டா என்று கேட்கின்றோம். வாழைத்தண்டையும் நாம் பழிக்கவில்லை. அது நல்ல ஆகாரம். தாராளமாய்ச் சமைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் கல்லை அது தள்ளியது என்று சொல்லுகிறவர் மாத்திரைக்கு வைத்த அதே பரீட்சைக்கு அதையும் உட்படுத்தட்டும். ஜெயித்தால் முதலில் கை தட்டுகிறவர்கள் நாமாகவே இருப்போம்.

கடைசியாக, கல்லடைப்புக் கண்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

வலியைச் சகித்துக்கொண்டு கிடப்பது வீரமல்ல. கத்தார் தேசத்தில் 1645 பேரை வைத்து நடத்தி 2016-ல் வெளியான பரீட்சையில், டைக்ளோபினாக் ஊசி அபின் சத்தாகிய மார்பினைவிட அதிகம் பேருக்கு அரை மணியில் வலியைக் குறைத்ததாகக் கண்டிருக்கிறது. ஆனால் வயிற்றுப் புண் உள்ளவரும் சிறுநீரகம் கெட்டவரும் அதை டாக்டர் யோசனையில்லாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. வலி நேரத்தில் குடம் குடமாய்த் தண்ணீரோ, பாட்டில் பாட்டிலாய்ப் பீரோ குடித்துக் கல்லைத் தள்ளிவிடலாம் என்பதற்கு நம்பத்தக்க ருசு கிடையாது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

படம் பிடித்துக் கல்லின் அளவையும் இடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர் மாத்திரை எழுதினால், "என் கல் எத்தனை மில்லிமீட்டர்? எந்த இடத்தில் நிற்கிறது? இந்த மாத்திரையால் எனக்கு எவ்வளவு லாபம்?" என்று மரியாதையாகவும் தைரியமாகவும் கேளுங்கள். காசு கொடுப்பவனுக்கும் உடம்பைக் கொடுப்பவனுக்கும் கேட்கிற உரிமை உண்டு. மூத்திரத்தைத் துணியில் வடிகட்டிக் கல்லைப் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வலி நின்றதனாலேயே கல் விழுந்துவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். வலியில்லாமலே அடைப்பு நின்று சிறுநீரகத்தைக் கெடுப்பதுண்டு. நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் விழாவிட்டால் மேற்கொண்டு சிகிச்சைக்குப் போக வேண்டும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டாலும், மூத்திரமே வராமல் நின்றாலும், ஒரே சிறுநீரகம் உள்ளவரானாலும், கர்ப்பிணியானாலும், வாந்தி நிற்காவிட்டாலும், ஒரு மணி நேரங்கூடத் தாமதிக்கக் கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் உயிர் போகும். அப்பொழுது மாத்திரையும் உதவாது, மஞ்சள் துணியும் உதவாது. அடைப்பைத் திறந்துவிடும் ஆஸ்பத்திரி ஒன்றே உதவும்.

கல் விழுந்த பிறகு மறுபடியும் வராமலிருக்க வழி என்னவென்றால், அது ஒரு காசு செலவில்லாதது. இத்தாலியில் முதல் முறையாகக் கல் கண்ட 199 பேரை ஐந்து வருஷம் கவனித்து 1996-ல் வெளியிட்ட பரீட்சையில், தினம் இரண்டு லிட்டர் மூத்திரம் போகும்படி தண்ணீர் குடித்த 99 பேரில் 12 பேருக்கும், அப்படிச் சொல்லப்படாத 100 பேரில் 27 பேருக்கும் மறுபடி கல் உண்டாயிற்று. வெயிலில் வேர்வை சிந்திப் பாடுபடுகிறவர்கள் இன்னும் அதிகமாகவே குடிக்க வேண்டும். இதற்கு மந்திரமும் வேண்டாம், வேண்டுதலும் வேண்டாம்; வேலை செய்கிற இடத்தில் ஒரு பானைத் தண்ணீரும், அதைக் குடிக்கவும் வெளியே போய் வரவும் கூலியாளுக்கு அவகாசமும் இருந்தால் போதும்.

ஆகவே, இனி யாராவது தன் மருந்தாலோ, தன் சாமியாலோ, தன் ஊசியாலோ கல் விழுந்தது என்று சொன்னால், "அது இல்லாமல் எத்தனை பேருக்கு விழுந்தது?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லக் கூடியவரிடம் உட்காருங்கள். கோபித்துக்கொள்ளுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.